சத்தத்தைச் சேமிப்போம், விமானத்தை வழியனுப்புவோம்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகர் விமானப்படைத் தளத்தில் மிக்-21 போர் விமானங்கள் கடைசியாக ஒருமுறை பறந்து இறங்கின. தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். 1963இல் இதே சண்டிகரில்தான் அந்த விமானம் நம் விமானப்படைக்குள் வந்தது. மொத்தம் 62 வருஷம். தாத்தா ஓட்டிய ரகத்தைப் பேரன் ஓட்டுகிற அளவுக்கு நீண்ட சர்வீஸ். அன்றைக்கு அங்கே கூடியிருந்த ஓய்வுபெற்ற விமானிகளின் முகத்தை யூடியூபில் நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒரு இயந்திரத்தை வழியனுப்ப வந்தவங்க மாதிரி இல்லை. சொந்தக்காரர் ஒருத்தரை அனுப்பிவைக்க வந்தவங்க மாதிரி இருந்தாங்க.

இதற்கு மூன்று வருஷம் முன்னால், 2022 ஏப்ரல் 2 அன்று, ஐதராபாத் பக்கத்தில் ஹக்கிம்பேட்டை விமானப்படைத் தளத்தில் இன்னொரு விழா நடந்தது. சேத்தக் ஹெலிகாப்டரின் 60 ஆண்டு சேவைக்கான வைர விழா. மகாராணா பிரதாப்பின் குதிரைப் பெயரை வைத்த ஹெலிகாப்டர் அது. நம்ம வீட்டுப் பெரியவங்க ஓட்டிய பஜாஜ் ஸ்கூட்டருக்கும் அதே குதிரைதான். ஒரு வித்தியாசம் உண்டு. சண்டிகரில் நடந்தது பிரிவு உபசாரம். ஹக்கிம்பேட்டையில் கொண்டாடப்பட்ட சேத்தக் மறுநாள் காலையில் வழக்கம்போல டியூட்டிக்குக் கிளம்பியது.

பழைய விமானிகளும் டெக்னீஷியன்களும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கே போனாலும் கடைசியில் சத்தத்தில் வந்து நிற்கும். 'மெஷினைப் பார்க்க வேண்டாம், சத்தத்தை வச்சே எது வருதுன்னு சொல்லிடுவோம்' என்பார்கள். கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். வயசானவங்க பெருமை பேசுறாங்க என்று நினைப்போம்.

என் கட்சி இதுதான். அந்தச் சத்த நினைவு வெறும் பெருமை இல்லை, அது பொறியியல் அறிவு. அதைச் சேமிக்க வேண்டியது நம்மை மாதிரி இன்ஜினியரிங் மாணவர்களின் வேலை. ஆனால் அந்த நினைவின் இனிமையைக் காட்டி, வயசான இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே இருப்பதற்கு நியாயம் கற்பிக்கக் கூடாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் இரண்டிலுமே நஷ்டப்படுகிறோம்.

சங்கரன்கோவிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. நம்ம ஊரில் விமான நிலையம் கிடையாது. ஆடித்தபசுக் கூட்டத்துக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்தால் இன்னும் எல்லாத் தலையும் மேலே போகும். ஆனால் சத்தத்தை வைத்து இயந்திரத்தைப் படிக்கிற வித்தை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை.

விசைத்தறி ஓடுகிற தெருவில் காலையில் ஒருமுறை நடந்து பாருங்க. பத்துத் தறி ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே காதில் விழாது. தறிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிப்பார். திடீரென்று டம்ளரை வைத்துவிட்டு நேராக ஆறாவது தறிக்குப் போவார். நாடா அடிக்கிற சத்தம் லேசாக மாறியிருக்கும். நமக்கு அது பத்தோடு பதினொன்று. அவருக்கு அது தகவல். பாவு அறுவதற்கு முன்னாலேயே அவர் காது அதைப் பிடித்துவிடும்.

தேவர்குளம், கயத்தாறு பக்கம் போனால் காற்றாலைகள். கீழே நின்றால் 'விஷ்... விஷ்...' என்று ஒரு சீரான சத்தம் வரும். ஒரு காற்றாலை நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், மூன்று பிளேடுக்கு நிமிடத்தில் 45 வீச்சு, நொடிக்கு முக்கால் வீச்சு. இதே கணக்கைக் கொஞ்சம் வேகமாக்கினால் ஹெலிகாப்டர்.

மூன்றாவது காரணம் நமக்கெல்லாம் மறக்க முடியாதது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள், சுற்றிலும் வெள்ளம். ரோடும் போனது, தண்டவாளமும் போனது. அந்த நேரத்தில் உணவுப் பொட்டலங்களோடு வந்தவை விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்கள். தாமிரபரணிக் கரையில் மொட்டை மாடிகளில் நின்றவர்களுக்கு ஹெலிகாப்டர் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில்தான் வந்திருக்கும். அந்தத் 'தட தட' என்ன அர்த்தம் கொடுத்தது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்க.

ஒரே நம்பர், வேற வேற சத்தம்

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான்.

ஹெலிகாப்டரின் அடிப்படைச் சத்தம் எத்தனை பிளேடு, எவ்வளவு வேகம் என்பதில் இருக்கிறது. சேத்தக்கின் மெயின் ரோட்டாரில் 3 பிளேடு, நிமிடத்துக்குச் சுமார் 353 சுற்று. பெருக்கி 60ஆல் வகுத்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17.6 அடி. மிக்-21 போலவே ரஷ்ய வம்சமான எம்ஐ-17 ஹெலிகாப்டரில் 5 பிளேடு, ஆனால் ரோட்டார் 21 மீட்டருக்கு மேல் அகலம் என்பதால் மெதுவாக, நிமிடத்துக்குச் சுமார் 192 சுற்று. கணக்குப் போட்டால் 16 ஹெர்ட்ஸ்.

17.6, 16. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நம்பர். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் ஒழுங்காகக் கேட்கும் என்று பிளஸ் டூவிலேயே படித்திருக்கிறோம். அப்படியென்றால் இந்த அடிப்படை அதிர்வைக் காது சரியாகக் கேட்பதே இல்லை. நெஞ்சும் ஜன்னல் கண்ணாடியும்தான் அதை உணர்கின்றன. காதுக்கு வருவது அதன் மடங்குகள்: 35, 53, 70 என்று ஒரு வரிசை, 32, 48, 64 என்று இன்னொரு வரிசை.

அப்புறம் எப்படி ஒரு சின்னப் பையன்கூட இரண்டையும் வேறுபடுத்துகிறான்? மற்ற சத்தங்களால். வால் ரோட்டாரை எடுத்துக்கோங்க. எம்ஐ-17இல் 3 பிளேடு, நிமிடத்துக்குச் சுமார் 1,120 சுற்று, அதாவது 56 ஹெர்ட்ஸ் பக்கம். சேத்தக்கின் வால் ரோட்டார் சின்னது, நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று, 3 பிளேடு. அது 100 ஹெர்ட்ஸ். இ.இ.இ. நண்பர்கள் இந்த நம்பரைப் பார்த்ததும் சிரிப்பார்கள். நம்ம தெரு டிரான்ஸ்பார்மரின் 'ஹ்ம்ம்ம்' அதே 100 ஹெர்ட்ஸ்தான், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டை.

இன்ஜினும் தன் பங்குக்குப் பாடும். சேத்தக்கில் இருப்பது ஆர்டூஸ்ட் டர்பைன். ஒரே தண்டு, நிமிடத்துக்கு 33,500 சுற்று, எப்போதும் ஒரே வேகம். பாரம் கூடினாலும் குறைந்தாலும் எரிபொருள் அளவுதான் மாறும், வேகம் மாறாது. அதனால் அதன் விசில் ஒரே சுருதியில் நிற்கும். ஸ்டார்ட் பண்ணும்போது டர்பைன் முதலில் தனியாகக் கத்தி மேலே ஏறும். ரோட்டார் சும்மா நிற்கும். அப்புறம் கிளட்ச் பிடித்து ரோட்டார் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். இந்த வரிசைதான் சேத்தக் ஓட்டியவர்களின் காதில் காலத்துக்கும் தங்கிவிட்ட பாட்டு.

இன்னொரு பிரபலமான சத்தம் வியட்நாம் போர்ப் படங்களில் வரும் 'வப்... வப்...'. அது அமெரிக்காவின் ஹியூயி. இரண்டே பிளேடு, நிமிடத்துக்கு 324 சுற்று, நொடிக்கு 11 அடிக்கும் கொஞ்சம் குறைவு. பிளேடு நுனியின் வேகம் நொடிக்குச் சுமார் 250 மீட்டர். ஹெலிகாப்டர் முன்னால் பறக்கும் வேகத்தையும் சேர்த்தால், முன்னோக்கி வரும் பிளேடு ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். போதாததற்கு, தரையிறங்கும்போது ஒரு பிளேடின் நுனி விட்டுச் சென்ற காற்றுச் சுழலை அடுத்த பிளேடு போய் வெட்டும். அந்த வெட்டுதான் கன்னத்தில் அறைகிற மாதிரியான சத்தம்.

தூரத்தில் கேட்கும்போது 'தட தட' மட்டும் வருவதும், பக்கத்தில் வந்ததும் விசில் சேர்வதும் ஏன் தெரியுமா? உயர்ந்த அதிர்வெண்ணைக் காற்று சீக்கிரம் விழுங்கிவிடும், தாழ்ந்தது தாண்டி வந்துவிடும். அனுபவமுள்ள காது இதை வைத்தே ஹெலிகாப்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும்.

சத்தத்தைக் குறைக்கவும் இதே அறிவுதான் பயன்படுகிறது. அப்பாச்சி ஹெலிகாப்டரின் வாலைக் கவனித்துப் பாருங்க. நான்கு பிளேடுகள் சரியான கூட்டல் குறி வடிவில் இருக்காது, கத்தரிக்கோல் மாதிரி நெருங்கியும் விலகியும் இருக்கும். இடைவெளியைச் சமமில்லாமல் வைத்தால் சத்தம் ஒரே சுருதியில் குவியாமல் சிதறும். காதால் கேட்டுப் புரிந்துகொண்ட ஒன்று அங்கே டிசைனாக மாறியிருக்கிறது.

ஒரு சத்தம், ரெண்டு நினைவு

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டுவது நேர்மையாக இருக்காது. விமானிக்கு இனிக்கிற சத்தம் கீழே இருக்கிறவருக்கு இனிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் அந்தச் சத்தம் நம்பிக்கை. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் போர்க்காலத்தில் வளர்ந்த நம் தமிழர்களிடம் கேளுங்க. அங்கே சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தத்தை வைத்து விமானத்தைப் பிரித்துச் சொல்வார்கள். பாய்ந்து வந்து குண்டு போடுகிற ஜெட்டுக்குக் 'கிபிர்', மேலே இரைந்துகொண்டே வட்டமடிக்கிற ஆளில்லா வேவு விமானத்துக்கு 'வண்டு'. எது வருகிறது என்று தெரிந்தால்தான் பதுங்குகுழிக்குள் ஓட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியும். இலங்கை விமானப்படை பயன்படுத்திய பெல் 212 மேலே சொன்ன ஹியூயியின் குடும்பம்தான், அதே இரண்டு பிளேடு. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் வீரர்களை இறக்கியது எம்ஐ-8 ஹெலிகாப்டர்களில். அந்த இரவின் சத்தம் உள்ளே இருந்த வீரருக்கு ஒரு நினைவு, கீழே வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு வேறு நினைவு.

ஆகவே சத்த நினைவைச் சேகரிக்கப் போகிறோம் என்றால் காக்பிட்டில் இருந்தவரிடம் மட்டும் போவது பாதி வேலை. கீழே நின்று கேட்டவரிடமும் போகணும்.

'சும்மா கதை' இல்லை

'இப்பல்லாம் சென்சார் வந்தாச்சு, காதை வச்சு என்ன பண்ண?' என்று கேட்பீங்க. கேட்க வேண்டிய கேள்விதான்.

1986 நவம்பர் 6 அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகள் பக்கம், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களை ஏற்றிவந்த சினூக் ஹெலிகாப்டர் கடலில் விழுந்து 45 பேர் இறந்தார்கள். முன்பக்க கியர்பாக்ஸில் ஒரு பல்சக்கரம் உடைந்து, இரண்டு ரோட்டார்களின் ஒத்திசைவு கெட்டு, பிளேடோடு பிளேடு மோதியது. பல்சக்கரம் ஒரே நொடியில் உடைவதில்லை. விரிசல் வளர்கிற காலம் முழுக்க அதன் அதிர்வு மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தைக் கேட்டுச் சொல்ல அங்கே கருவி இல்லை. இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் வட கடல் ஹெலிகாப்டர்களில் கியர்பாக்ஸ் அதிர்வைத் தொடர்ந்து பதிவு செய்து எச்சரிக்கும் ஹம்ஸ் என்ற கண்காணிப்பு முறை வந்தது. சுருக்கமாகச் சொன்னால், நம்ம தறிக்காரரின் காதை மெஷினுக்குள் வைத்துவிட்டார்கள்.

விபத்து நடந்த பிறகும் சத்தம் பேசும். கறுப்புப் பெட்டியில் விமானிகளின் பேச்சு மட்டும் பதிவாவதில்லை. காக்பிட் மைக்கில் ரோட்டாரும் கியர்பாக்ஸும் இன்ஜினும் சேர்ந்தே பதிவாகும். அந்த ஒலியை அலசி, கடைசி நொடிகளில் ரோட்டார் எந்த வேகத்தில் சுற்றியது என்று விசாரணையாளர்கள் கண்டுபிடிப்பதுண்டு. 2021 டிசம்பர் 8 குன்னூர் விபத்தை நினைத்துப் பாருங்க. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17வி5 விழுந்து முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் மொபைலில் எடுத்த வீடியோ நாடு முழுக்க ஓடியது. ஹெலிகாப்டர் மேகத்துக்குள் மறைகிறது, அதன் பிறகு நமக்கு இருப்பது சத்தம் மட்டும். விசாரணை சொன்ன காரணம் இயந்திரக் கோளாறு இல்லை. எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு தவறி மலையில் மோதியது என்பதுதான்.

இப்போ ஏ.ஐ. படிக்கிற நண்பர்களுக்கு ஒரு விஷயம். அதிர்வை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கிற மாடல் செய்யணும் என்றால் என்ன வேணும்? டேட்டா. டேட்டா இருந்தால் போதுமா? போதாது, லேபிள் வேணும். 'இது நல்ல சத்தம், இது பேரிங் போகப்போகிற சத்தம், இது பிளேடு டிராக்கிங் சரியில்லாத சத்தம்' என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லணும். 30 வருஷம் ஹேங்கரில் நின்ற டெக்னீஷியனால் அதைச் சொல்ல முடியும். நம்ம திருநெல்வேலி, தென்காசி மாவட்டக் கிராமங்களில் 'மிலிட்டரிக்காரர்' என்று பட்டப்பெயரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களில் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர்களும் உண்டு. தாம்பரத்தில் பயிற்சி முடித்து வடக்கே எங்கெங்கோ போய்ப் பனியிலும் மணலிலும் நின்று வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு வயசாகிக்கொண்டே போகிறது. வயசானால் முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண் கேட்கிற திறன். நினைவு இருக்கும்போதே, காதும் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளணும்.

இதையெல்லாம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கடற்படையின் டியூ-142 என்ற பிரம்மாண்ட கண்காணிப்பு விமானம் 1988இல் வந்தது. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் 2017 மார்ச் 29 அன்று விடைபெற்றது. நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர். முன்னது கலைத்த காற்றைப் பின்னது வெட்டும். அரக்கோணம் வட்டாரத்தில் ஒரு தலைமுறை அந்த இரைச்சலோடு வளர்ந்தது. விமானத்தை இன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாகப் பார்க்கலாம். ஏறி உள்ளே போகலாம், தொடலாம், செல்ஃபி எடுக்கலாம். அது அங்கே பேசாமல் நிற்கும். உடம்பைக் காப்பாற்றிவிட்டோம், குரல் அதோடு கூட வரவில்லை.

பாசம் வேறு, பாதுகாப்பு வேறு

இனி கட்டுரையின் கசப்பான பாதி.

சேத்தக் என்பது பிரான்சின் அலுவெட் 3. முதல் பறப்பு 1959இல். 1962 ஒப்பந்தத்துக்குப் பிறகு பெங்களூரு எச்.ஏ.எல். தயாரித்த முதல் ஹெலிகாப்டர் 1965இல் வெளிவந்தது. அதன் தம்பி சீட்டா. அதன் பிரெஞ்சு மூலமான லாமா 1972 ஜூன் 21 அன்று 12,442 மீட்டர் உயரம் ஏறி உலகச் சாதனை படைத்தது. அந்த உச்சியில் இன்ஜின் அணைந்துவிட, விமானி ழான் பூலே இன்ஜின் இல்லாமலே, காற்றின் விசையில் ரோட்டாரைச் சுற்றவிட்டுத் தரை வரை இறக்கினார். 1984 முதல் சியாச்சினில் நம் வீரர்களுக்கு மருந்தும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய், காயம்பட்டவர்களைக் கீழே கொண்டுவந்த ஹெலிகாப்டர் சீட்டா. இதை ஓட்டியவர்கள் இதன் மேல் பாசம் வைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் இரண்டுமே ஒற்றை இன்ஜின். மனதில் அறுபதுகளின் தொழில்நுட்பம். இன்றைய ஹெலிகாப்டரில் சாதாரணமாக இருக்கிற பல பாதுகாப்பு வசதிகள் இவற்றில் கிடையாது. விபத்துகள் தொடர்ந்தபோது, 2015ஆம் ஆண்டு வாக்கில், ராணுவ அதிகாரிகளின் மனைவிமார்கள் ஒன்று சேர்ந்து பாதுகாப்பு அமைச்சரிடம் போய் 'இந்த ஹெலிகாப்டர்களை நிறுத்துங்க' என்று மனு கொடுத்தார்கள். ஹக்கிம்பேட்டை வைர விழாவைப் பற்றிப் பேசும்போது இந்த மனுவையும் பக்கத்தில் வைத்துப் பேசணும். வீட்டில் காத்திருந்தவர்களுக்கும் அந்த ஹெலிகாப்டர் பற்றி ஒரு நினைவு இருக்கிறது.

மிக்-21 கதையும் அதேதான். 2023 மே 8 அன்று ராஜஸ்தானின் ஹனுமான்கட் மாவட்டத்தில் ஒரு மிக்-21 வீட்டின் மேல் விழுந்தது. விமானி பாராசூட்டில் தப்பினார், தரையில் இருந்த மூன்று பெண்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த ரகம் பறந்தது.

'வயசானால் என்ன, நல்லா பராமரிச்சா ஓடும்' என்று சிலர் சொல்வார்கள். பொய் இல்லை. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் கடைசியாகத் தயாரானது 1962இல். அதற்குப் புது இன்ஜின் மாட்டி 2050கள் வரை ஓட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள். மறுபக்கம், புதுசாக இருந்தால் ஆபத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்தார்கள், நாடு முழுக்க துருவ் ரகமே தரையில் நிறுத்தப்பட்டது. துருவ் நாமே வடிவமைத்தது, மிக்கை விடவும் சேத்தக்கை விடவும் பல பத்தாண்டு இளையது. ஆகவே வயசு மட்டுமே குற்றவாளி இல்லை.

அப்படியானால் யார் குற்றவாளி? தாமதம்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்க. மிக்-21க்கு மாற்றாக நினைத்த இலகுரகப் போர் விமானத் திட்டத்துக்கு அனுமதி 1983இல். தேஜஸ் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. முதல் ஸ்குவாட்ரன் உருவானது 2016இல், பிறகு அது நம்ம சூலூருக்கு வந்தது. அனுமதிக்கும் ஸ்குவாட்ரனுக்கும் நடுவே 33 வருஷம். இளம் விமானிகள் பழகுவதற்கு நவீன ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1982இலேயே ஒரு கமிட்டி சொன்னது. ஹாக் வந்து சேர்ந்தது 2008இல். நடுவில் அந்த இளைஞர்கள் மிக்-21இல் போய்ப் பழகினார்கள். சேத்தக், சீட்டாவுக்கு மாற்றாக 197 ஹெலிகாப்டர் வாங்கும் டெண்டர் 2007இல் ஒருமுறை ரத்தானது, 2014இல் இன்னொரு முறை ரத்தானது. 2015இல் ரஷ்யாவோடு போட்ட கமோவ் ஒப்பந்தம் கைகூடவில்லை. எச்.ஏ.எல். சொந்தமாகச் செய்த இலகுரக ஹெலிகாப்டர் 2016இல் பறந்தது. அதைத் தயாரிக்க கர்நாடகாவின் துமகூருவில் தொழிற்சாலை திறந்தது 2023 பிப்ரவரியில்.

62 வருஷம், 60 வருஷம் என்று நாம் பெருமையாகச் சொல்கிற எண்களுக்குள் இந்தத் தாமதம்தான் ஒளிந்திருக்கிறது. விமானியின் திறமையும் மெக்கானிக்கின் உழைப்பும் அந்த வருஷங்களைத் தாங்கிப் பிடித்தன என்பது உண்மை. அவர்களைக் கொண்டாடணும். ஆனால் அவர்கள் ஏன் அவ்வளவு காலம் தாங்க வேண்டியிருந்தது என்ற கேள்வி டிசைன் டேபிளுக்கும் டெண்டர் மேஜைக்கும் போகிற கேள்வி. நாளைக்கு அந்த மேஜைகளில் உட்காரப் போவது நாம்தான். எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணமே இதுதான். 'புராஜெக்ட் சப்மிஷன் தள்ளிப்போச்சு' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். சில தொழில்களில் அது தள்ளிப்போகிற ஒவ்வொரு வருஷமும் ஒரு பழைய மெஷினுக்குள் யாரோ ஒருத்தர் ஏறி உட்காருகிறார்.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம். ஒரு மொபைலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் வேலை, ஊருக்குப் போகும்போது உங்க தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரரிடம் போய் உட்காருங்க. 'ஐயா, நீங்க வேலை பார்த்த மெஷின் நல்லா இருக்கும்போது எப்படிக் கேட்கும், கெட்டுப்போகும்போது எப்படிக் கேட்கும்?' என்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார். அதை அப்படியே பதிவு பண்ணுங்க. முன்கூட்டியே அனுமதி கேளுங்க. இப்போதும் சேவையில் இருக்கிற விஷயங்கள், தள விவரங்கள் பக்கம் போகவே வேண்டாம், படைத்தளங்களுக்கு அருகில் போய்ப் பதிவு செய்யவும் வேண்டாம். விடைபெற்ற மிக்-21, எம்ஐ-8, டியூ-142 பற்றிப் பேசவே அவர்களிடம் ஒரு வாழ்நாளுக்கு விஷயம் இருக்கும்.

இரண்டாவது, கையில் இருக்கிற இயந்திரங்களில் பழகுங்க. தறிக்கூடத்தில் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, நல்லா ஓடுகிற தறி ஒன்று, தறிக்காரர் 'இது சரியில்லை' என்று சொல்கிற தறி ஒன்று, இரண்டையும் பதிவு பண்ணுங்க. ஆடாசிட்டி இலவசம். அதில் போட்டு ஸ்பெக்ட்ரம் பாருங்க, இல்லை பைத்தானில் எஃப்.எஃப்.டி. போடுங்க. மொபைல் மைக் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைச் சரியாக எடுக்காது. அதனால் ஹெலிகாப்டர் வீடியோ எதையாவது அலசினால் 16, 17 ஹெர்ட்ஸ் கோடு தெரியவில்லையே என்று விட்டுவிடாதீங்க. மேலே இருக்கிற கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்க. அந்த இடைவெளிதான் விடை.

மூன்றாவது, இதை மெக்கானிக்கல், இ.சி.இ., சி.எஸ். மூன்று துறையும் சேர்ந்து ஒரு ஃபைனல் இயர் புராஜெக்டாக எடுக்கலாம். ஒரு துறை பதிவு செய்யட்டும், ஒரு துறை அலசட்டும், ஒரு துறை தேடக்கூடிய ஒலி நூலகமாக வைக்கட்டும். ஒவ்வொரு ஒலிக்கும் பக்கத்தில் கேட்டுச் சொன்னவரின் விளக்கம் தமிழில், அவர் சொன்ன வார்த்தையிலேயே இருக்கட்டும். 'கரகரன்னு', 'இழுத்துப் பிடிச்ச மாதிரி', 'மூச்சு வாங்குற மாதிரி' என்று அவர் சொல்வதை 'அப்நார்மல் நாய்ஸ்' என்று மாற்றிவிடாதீங்க. லேபிளே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது.

அரையாண்டு லீவு வரப்போகுது. சங்கரன்கோவில், புளியங்குடி, கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கு ஒரே ஒரு பதிவு கொண்டுவந்தால் போதும், அடுத்த செமஸ்டர் ஆரம்பிக்கும்போது நம்மிடம் ஒரு தொடக்கம் இருக்கும். பெரியவரைப் பார்க்கப் போகும்போது சாயங்காலமாகப் போங்க. தறி நின்றபிறகு தெரு அமைதியாக இருக்கும், பதிவு சுத்தமாக வரும்.